செஸ்னா 172-ஐ வேகமாக இறக்காதீர்கள்: புது பைலட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானங்களில், சோலோ (தனியாகப் பறப்பது) முடித்த மாணவர்களும், பிபிஎல் (தனியார் பைலட் உரிமம்) வாங்கிச் சில மாதங்களே ஆனவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை. செக்லிஸ்ட்டை மறப்பது, ரேடியோவில் தடுமாறுவது போன்றவற்றை இன்ஸ்ட்ரக்டரே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுவோம்.

கூடுதல் வேகத்தில் ஃபைனல் வருவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத, எரிச்சலூட்டும் தவறு இது. 172எஸ் (172-ன் ஒரு மாடல்) முழு ஃபிளாப்போடு (இறக்கையின் பின்புறம் கீழே இறங்கும் மடிப்பு) ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், 60 முதல் 70 நாட் (knot) வேகத்துக்குள் வர வேண்டும். நீளம் குறைந்த ரன்வேக்கு 61. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 75, 80-ல் வருகிறார்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் இறங்கும் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். கடல்மட்டத்திலேயே 40 டிகிரி வெயில் என்றால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். வேகமானி அதே 65 காட்டும், உண்மை வேகமோ நாலைந்து சதவீதம் அதிகம். காற்று விட்டுவிட்டு வீசினால், அதன் வேகம் ஏறி இறங்கும் வித்தியாசத்தில் பாதியைச் சேர்ப்பது சரி. அமைதியான காலையில் ஒரு நாட் வேகம்கூடச் சேர்க்கத் தேவையில்லை.

பெரும்பாலும் கோளாறு டிரிம்மில்தான் (கை அழுத்தாமலே விமானத்தை ஒரே வேகத்தில் வைக்கும் அமைப்பு). சர்க்யூட் (இறங்குவதற்கு முன் ரன்வேயைச் சுற்றிவரும் பாதை) வேகத்துக்கு வைத்த டிரிம்மை அப்படியே விட்டால், கை சற்றுத் தளர்ந்ததுமே மூக்கு தாழ்ந்து வேகம் ஏறும். ஃபிளாப் போட்டதும் 65-க்கு டிரிம் செய்யுங்கள்.

கூடுதல் வேகத்தில் வந்தால் விமானம் தரையைத் தொடாமல் ரன்வேக்கு மேலேயே மிதக்கும். மிதப்பதால் மட்டும் விமானம் உடையாது. ரன்வே தீர்ந்துகொண்டே வர, சக்கரம் தரையைத் தொடவில்லையே என்று யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்) முன்னால் தள்ளுவார்கள், உடைவது அங்கேதான். நோஸ் வீல் முதலில் மோதும், மூக்கு மேலே எகிறும். பயந்து மறுபடி தள்ளினால் அடுத்த குதிப்பு இன்னும் பெரிது. இரண்டாவது, மூன்றாவது குதிப்பிலேயே நோஸ் கியர் மடங்கலாம். அது ஃபயர்வாலில் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) பொருத்தப்பட்டிருப்பதால் அந்தத் தகடும் நசுங்கிச் சுருங்கும். ப்ரொப்பெல்லர் தரையில் பட்டுவிட்டாலோ, இன்ஜினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்கிறது இன்ஜின் தயாரிப்பாளரான லைகமிங். ஐந்து விநாடி அவசரத்துக்கு விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் கிடக்கும்.

சின்னக் குதிப்பா? மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்துக் காத்திருங்கள். பெரிய குதிப்பா? யோசிக்காமல் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது): முழு த்ராட்டில், ஃபிளாப் 20 டிகிரிக்கு, 60 நாட் வேகத்தில் ஏற்றம், மீதி ஃபிளாப் படிப்படியாக. ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் சக்கரம் படாவிட்டாலும் இதேதான். ஃபிளேரில் (தரையைத் தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்கும் கட்டம்) மூக்குக்கு நேர் கீழே பார்க்காதீர்கள், ரன்வேயின் கடைக்கோடியைப் பாருங்கள். உயரம் அங்கேதான் தெரியும்.

கார்ப் ஹீட்டைப் பாதியில் மூடுவது

கார்புரேட்டர் உள்ள செஸ்னா 152-லும் பழைய 172-லும், கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கலாம்; அதை உருக்கச் சூடான காற்றை விடுவதுதான் கார்ப் ஹீட். ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும்போது இன்ஜின் திணறும். ஹீட் போட்டதால்தான் கெட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். திணறல் நிற்கும்வரை முழுதாகத் திறந்தே இருக்கட்டும். ஈரப்பதம் அதிகமென்றால் 25 டிகிரி வெயிலிலும் ஐஸ் பிடிக்கும்.

எரிபொருள் கேஜை நம்புவது

நம்பாதீர்கள். டிப்ஸ்டிக் விட்டுப் பாருங்கள். 172எஸ்-ல் எரிபொருளைச் சோதிக்க 13 வடிகால்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பதின்மூன்றிலும் சாம்பிள் எடுங்கள்.

இறங்கிய ஓட்டத்திலேயே ஃபிளாப்பைத் தூக்குவது

ரன்வேயை விட்டு வெளியே வந்து, நின்ற பிறகு தூக்குங்கள்.