ரத்த அழுத்தம் தப்பாக வருவது பெரும்பாலும் கையில் கட்டும் பட்டையால்தான்

நோயாளி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். தொங்கினால் அளவு கூடிக் காட்டும்.

பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால், இல்லாத அழுத்தம் இருப்பதாகத் தெரியும். சட்டைமேல் கட்டாதீர்கள். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே.

மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடியுங்கள். நாடி மறைந்த இடத்திலிருந்து இன்னும் 30 மி.மீ. (பாதரச அளவில்) ஏற்றுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் சிலரிடம் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஓசை நடுவில் அற்றுப்போகும் இடைவெளியில் ஏமாந்து, மேல் அளவைக் குறைத்து எழுதிவிடுவார்கள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, நொடிக்கு 2-3 மி.மீ. வீதம் அழுத்தத்தை இறக்குங்கள். முதல் தட்டொலி மேல் அளவு. ஓசை அடங்குமிடம் கீழ் அளவு. 120, 130 என்று முழு எண்ணாக்க வேண்டாம், 126 என்றால் 126தான்.

நாடி சீராக இல்லையென்றால் முழு 60 நொடி எண்ணுங்கள். மூச்சை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னதுமே மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் விரலை எடுக்காமல் மார்பைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பு.