திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

திருச்சியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் கிளம்பும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் தம்பி உட்காரணும்?" டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தால் சரியான விடை வராது. வீட்டிலேயே கணக்குப் போடும் வழி இது.

முதலில் தூரம். கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, திருச்சி விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அப்புறம் சாங்கி விமான நிலையத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர் காட்டும். சில இடங்களில் 1,609 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அது கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். அட்லஸில் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்காதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக வரைந்த படம் அது. டெல்லி - சான் பிரான்சிஸ்கோ மாதிரி நெடுந்தூரத்துக்கு ரொம்பவே தப்பும்.

அடுத்து நேரம். மேலே ஏறிய பிறகு ஜெட் விமானத்துக்கு மணிக்கு 830 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,980-ஐ வகுத்தால் 3 மணி 35 நிமிடம். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது எல்லாவற்றுக்கும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சேருங்கள். 4 மணி 20 நிமிடத்துக்குள் அடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். அந்த மாதங்களில் போகும்போது கொஞ்சம் கூடலாம், வரும்போது குறையலாம்.

இனி கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. இரவு 11.30-க்குப் புறப்பட்டு காலை 6.20-க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தால், கழித்து வரும் 6 மணி 50 நிமிடத்தில் இரண்டரையைக் குறையுங்கள்: 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது கூட்ட வேண்டும். காலை 10.00-க்குக் கிளம்பி 11.45-க்கு இறங்கினால், பயணம் 4 மணி 15 நிமிடம்.

சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் இதில் கட்டாயம் கவனம் வையுங்கள். அங்கே காலை 6.20 என்றால் உங்கள் உடம்புக்கு இன்னும் விடிகாலை 3.50. ஊசியையும் சாப்பாட்டையும் எந்த நேரப்படி வைத்துக்கொள்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கொழும்பு வழியாகப் போனால்? தூரம் 200 கிலோமீட்டர்கூட அதிகமாகாது. ஆனால் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும், நடுவில் காத்திருப்பு வேறு. துணைக்கு ஆளில்லாத வயதானவர்களுக்கு, காசு கொஞ்சம் கூடினாலும் நேரடி விமானம்தான் நான் போடுவேன்.