கம்ப்யூட்டர் பிராசசரைக் குளிர்விக்க, குறைந்த விலையில் நல்ல ஏர் கூலர் எடுப்பது எப்படி?

முதலில் பிராசசர் எவ்வளவு சூட்டைக் கக்கும் என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், இன்டெல் கோர் ஐ5-12400க்கு 65 வாட் என்று இருக்கும், ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும், அதனால் இந்த முழு வேகக் கணக்கைத்தான் (டர்போ) எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுக்கு நான்கு ஹீட் பைப்பும் (சூட்டைக் கடத்தும் குழாய்) 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒற்றை டவர் கூலர் (தகடுகள் ஒரே கோபுரமாக நிமிர்ந்து நிற்பது) தாராளம். கலர் விளக்குக்குக் காசைக் கொட்டாதீர்கள், அந்தக் காசு ஹீட் பைப்புக்குப் போகட்டும்.

அப்புறம் உயரம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். டவர் கூலர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. வரை நிற்கும், உங்கள் கேபினெட்டில் அதற்கு இடம் இல்லையென்றால் பக்கவாட்டு மூடி மூடவே மூடாது. ரேம் உயரமானதாக இருந்தால் ஃபேன் அதில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டும் முக்கியம்: இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்குக் கூலரைத் திருகும் ஓட்டைகளின் இடைவெளி 78 மி.மீ., அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200க்கு 75 மி.மீ. தான், கூலரைப் பிடித்து நிறுத்தும் பழைய பிராக்கெட் உட்காராது. ஃபேன் வயர் நான்கு முனை உள்ளதாக இருக்கட்டும், வேகம் சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும், சத்தமும் குறையும்.

மாட்டும்போது அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை மறக்காமல் உரித்துவிடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.