நீலம் எப்போதும் குளிர்ச்சி இல்லை: வண்ணச் சூட்டில் நாம் தவறும் இடங்கள்

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று நம்பி வெர்மிலியனையும் பிரஷ்யன் புளூவையும் குழைத்தால், தட்டில் வந்து நிற்பது சேற்று நிறம். வாட்டர்கலர் பழகுகிறவர்கள் இதற்குப் பெயிண்ட்டைத்தான் திட்டுவார்கள். பெயிண்ட் மேல் தப்பில்லை. வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதற்குள் மஞ்சளின் சாயல் இருக்கிறது. பிரஷ்யன் புளூ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம், அதற்குள்ளும் அதே மஞ்சள். இரண்டையும் கலக்கும்போது மூன்று அடிப்படை நிறங்களும் ஒரே குழியில் விழுந்து ஒன்றையொன்று மங்கடித்துவிடுகின்றன. ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சன் லேக்கையும், அதே பக்கம் சாய்ந்த நீலமான அல்ட்ராமரைனையும் எடுத்துப் பாருங்கள், ஊதா பளிச்சென்று வரும். பச்சைக்கும் இதே கதைதான். பச்சைப் பக்கம் சாய்ந்த லெமன் எல்லோவும் பிரஷ்யன் புளூவும் சேர்ந்தால் நாற்றங்கால் பச்சை. ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சளான கேம்போஜும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் முற்றிய மாவிலைப் பச்சை.

சிவப்பு, மஞ்சள் எல்லாம் சூடு, நீலம், பச்சை எல்லாம் குளிர்ச்சி என்று வண்ணச் சக்கரத்தை இரண்டாகப் பிளந்து முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது சரி. அதோடு நின்றுவிட்டால்தான் வம்பு. அல்ட்ராமரைன் சூடான நீலமா, குளிர்ந்த நீலமா என்று ஓவியர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. சிவப்புப் பக்கம் சாய்வதால் சூடு என்பார்கள் சிலர். ஆரஞ்சுக்கு நேர் எதிரே நிற்பதால் அதைவிடக் குளிர்ந்த நிறமே கிடையாது என்பார்கள் வேறு சிலர். தீர்ப்பு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. டியூப் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் கலக்கலாம். காகிதத்தில் வைக்கும்போது, பக்கத்தில் இருப்பதைவிடச் சூடா குளிர்ச்சியா என்று பார்த்தால் போதும்.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்காததால் அதிகம் கெடுவது நிழல். ‘வெளிச்சம் சூடு என்றால் நிழல் குளிர்ச்சி’ என்ற விதியைக் கேட்ட மறுநாளே எல்லா நிழலுக்கும் ஒரே நீலச் சாம்பலைப் பூசத் தொடங்குவார்கள். விதி பொய்யில்லை. நேர் வெயில் படாத இடத்துக்கு வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதனால் நிழல் நீலம் பக்கம் சாய்கிறது. ஆனால் வானம் மட்டுமா வெளிச்சம் தருகிறது?

மாலை நான்கு மணிக்கு, வெள்ளையும் காவியும் பட்டை அடித்த கோயில் மதில் ஒன்றின் நிழல் பக்கத்தை நின்று பாருங்கள். எதிரே வெயில் விழுந்த செம்மண் தரை இருக்க வேண்டும். வெள்ளைப் பட்டையின் மேல் பாதி லேசான நீலத்தில் இருக்கும். கீழே வர வர நீலம் குறைந்து, தரையை ஒட்டிய ஓரிரு அடியில் இளம் ஆரஞ்சு ஏறியிருக்கும். செம்மண் திருப்பி அனுப்பிய வெயில் அது. பக்கத்துக் காவிப் பட்டையும் அதே நிழலில்தான் இருக்கிறது. வெயில் படும் காவியோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்தது, நிழலில் இருக்கும் வெள்ளையோடு ஒப்பிட்டால் சூடானது. வெயில் காவிக்கு வெர்மிலியனோடு எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) என்றால், நிழல் காவிக்கு பர்ன்ட் சியன்னாவோடு (செம்பழுப்பு) கிரிம்சனும் ஒரு துளி அல்ட்ராமரைனும் பொருந்தும். எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பலை ஓட்டினால் மதில் அழுக்காகத் தெரியுமே தவிர நிழலில் இருப்பதாகத் தெரியாது. கண் ஏமாற்றினால், ஒரு சாம்பல் அட்டையில் சிறு ஓட்டை போட்டு அதன் வழியாக ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். ‘வெள்ளைச் சுவர்’ என்ற நினைப்பு விலகி நிறம் மட்டும் தெரியும்.

மேகம் மூடிய நாளில் இந்த விதி தலைகீழாகலாம். வெளிச்சமே குளிர்ந்ததாக இருப்பதால் நிழல்கள் அதைவிடச் சூடாகத் தெரியும்.

வெயிலைக் காட்ட வெள்ளையைச் சேர்ப்பது இன்னொரு பழக்கம், குறிப்பாக அக்ரிலிக்கிலும் போஸ்டர் கலரிலும். டைட்டானியம் வெள்ளை நிறத்தை வெளிறச் செய்வதோடு குளிர்விக்கவும் செய்யும். வெர்மிலியனில் வெள்ளை விட்டால் ரோஸ் வரும், வெயில் வராது. கொஞ்சம் மஞ்சளையும் சேர்த்து ஆரஞ்சுப் பக்கம் நகர்த்துங்கள், பக்கத்து இடத்தை இருட்டாக்குங்கள். கறுப்பும் அப்படித்தான்: மஞ்சளில் விட்டால் ஆலிவ் பச்சை வந்துவிடும். இதையே பலமாக்கிக்கொண்டவர் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920). அவர் பெயரால் வழங்கும் பேலட்டில் வெள்ளை, எல்லோ ஆக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக் ஆகிய நான்குதான். நீலமே கிடையாது. ஆக்கருக்குப் பக்கத்தில் வைத்த கறுப்பு-வெள்ளைச் சாம்பலைக் கண் நீலமாக எடுத்துக்கொள்கிறது.

‘சூடான நிறம் முன்னால் வரும், குளிர்ந்தது பின்னால் போகும்’ என்பதையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். தூரத்து மலை நீலமாகத் தெரிவது உண்மை. இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். அதே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, படத்திலேயே தூரத்தில் இருக்கும் வானம்தான் ஆரஞ்சு. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த ‘இம்ப்ரஷன், சன்ரைஸ்’ படத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் சூரியன்தான் மிகச் சூடான புள்ளி. அந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியுள்ள சாம்பல் நீல வானமும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். நிறத்தின் சூடு மட்டுமே அதைத் தூக்கி நிறுத்துகிறது. மோனேவுக்கு அது கைவந்தது. நமக்கு, முதலில் டோன், அதாவது வெளிச்சம்-இருட்டின் அளவு, சரியாக இருப்பது நல்லது. செல்போனில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

முகம் வரைகிறவர்கள் ‘ஃபிளெஷ் டின்ட்’ டியூபை நம்பி ஏமாறுவது தனிக் கதை. நம் ஊர்க் கறுத்த தோலில் உச்சி வெயில் நேரத்து நெற்றியையும் தோள்பட்டையையும் கவனியுங்கள். மினுக்கம் நீலமாக இருக்கும், அது வானத்தின் பிரதிபலிப்பு. அங்கே மஞ்சளும் வெள்ளையும் வைத்தால் பவுடர் பூசிய மாதிரி ஆகிவிடும். சூடு இருக்கும் இடம் வேறு: காதுமடல், விரலிடுக்கு, தாடைக்குக் கீழே.

கடைசியாக, வரையும் அறையின் வெளிச்சம். 3000 கெல்வின் வார்ம் பல்பின் கீழ் நீலம் மங்கித் தெரியும்; கை தானாக நீலத்தைக் கூட்டும்; காலையில் பார்த்தால் படம் விறைத்துக் கிடக்கும். 6500 கெல்வினில் இதற்கு நேர்மாறு. (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்லும் வெப்பநிலை அலகு. கெல்வின் கூடினால் ஒளி நீலமாகும். ஓவியர் குளிர்ச்சி என்று சொல்வதுதான் இயற்பியலில் அதிக வெப்பம். போட்டோகிராபியிலிருந்து வருகிறவர்கள் இதில் குழம்புவது நியாயம்தான்.) 5000 கெல்வினை ஒட்டிய, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90-க்கு மேற்பட்ட விளக்கு நல்லது. வடக்கு ஜன்னல்தான் ஓவியருக்கு உகந்தது என்பது ஐரோப்பாவில் பிறந்த அறிவுரை. அங்கே வடக்கிலிருந்து பெரும்பாலும் வானத்து ஒளி மட்டுமே வரும். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெள்ளை மல் துணித் திரை போட்டுக்கொள்ளுங்கள். நிறமுள்ள திரை வேண்டாம், அதன் சாயல் காகிதத்திலும் விழும்.