விதை மஞ்சள் விதை அல்ல

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் உண்டு. தோட்டத்திலும் வீட்டிலும் காதில் விழுந்த சொல்லை நம்பி விடை எழுதிவிடுகிறார்கள்.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு ஒதுக்கி வைப்பதை 'விதை மஞ்சள்' என்கிறோம். உடனே 'மஞ்சள் விதை மூலம் இனப்பெருக்கம் செய்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் 'வேர் மூலம்' என்கிறார்கள். இரண்டும் தவறு. ஒரு பச்சை மஞ்சளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும், கணுவில் மொட்டு இருக்கும். வேருக்குக் கணு கிடையாது. இது மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடையாக வளரும் தண்டு. இதிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் மரபுப்பொருளையே கொண்ட நகல். விந்தணுவும் அண்டமும் இதில் சேரவே இல்லை.

நடுவதற்கு வெட்டும் கரும்புத் தண்டுத் துண்டான கரணையும் இப்படித்தான். அதற்காகக் 'கரும்புக்கு விதையே கிடையாது' என்று எழுதிவிடாதீர்கள். கரும்பு பூக்கும், விதையும் பிடிக்கும். 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம், பயிர்க் கரும்பையும் காட்டுக் கரும்பையும் மகரந்தம் வழியாகக் கலந்துதான் 1918-இல் கோ 205 ரகத்தைத் தந்தது. புது ரகம் உண்டாக்கப் பூ வேண்டும். கிடைத்த ரகம் மாறாமல் வயலில் நிற்கக் கரணை போதும். பாலினப்பெருக்கத்துக்கும் பாலிலா இனப்பெருக்கத்துக்கும் வேறுபாடு கேட்டால் இந்தக் கரும்பையே எழுதலாம்.

மரபியலில், நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் நெட்டையும் குட்டையும் 3:1 என்று படிக்கிறோம். அப்படியென்றால் நாலு விதையில் கட்டாயம் மூன்று நெட்டை என்று நினைக்கிறார்கள். இந்த விகிதத்தைக் கண்டறிந்த மெண்டல் இரண்டாம் தலைமுறையில் எண்ணிய 1,064 பட்டாணிச் செடிகளில் நெட்டை 787, குட்டை 277. அவருக்கே 2.84:1 தான் வந்தது. 'ஓங்கு பண்பு' என்றால் பெரும்பாலானோரிடம் இருப்பது என்பதும் பிழை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த ஜீன் வந்தாலே வெளிப்படும் பண்பு என்பதே அதன் பொருள். கையில் ஆறு விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது. ஊரில் எத்தனை பேருக்கு ஆறு விரல் இருக்கிறது?

அடுத்தது என் மனதை அறுக்கும் தவறு. 'மூணும் பொட்டப்புள்ளையாப் பெத்துட்டா' என்று அம்மாவைக் குறை சொல்லும் பேச்சைக் கேட்டே வளர்கிற பிள்ளைகள், அண்டம்தான் குழந்தையின் பாலைத் தீர்மானிக்கிறது என்று எழுதுகிறார்கள். பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. அண்டத்தில் எப்போதும் எக்ஸ் மட்டுமே. விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். அப்படியானால் பழி அப்பா மேலா? அதுவும் இல்லை, எந்த விந்தணு சேரும் என்பது யார் கையிலும் இல்லை. மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவது ஆண்தான் என்ற கணக்கும் கிடையாது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். கோபியிலும் உடுமலையிலும் வளர்க்கும் பட்டுப்பூச்சியில் இது தலைகீழ்: இருவகைக் குரோமோசோம் பெண்ணிடம் இருக்கிறது. ஆகவே 'எல்லா உயிரிலும் எக்ஸ், ஒய்' என்றும் எழுதாதீர்கள்.

காங்கேயம் கன்று பெரும்பாலும் செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போல மயிலை என்கிற சாம்பல் நிறத்துக்கு வருகிறது. இதைப் பரிணாமம் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஜீன் அப்படியேதான் இருக்கிறது. வளர வளர வெளிப்பாடு மாறுகிறது. ஒரு உயிரின் ஆயுளுக்குள் நடப்பது வளர்ச்சி.

பரிணாமத்தில் பெரிய பள்ளம் 'பழகிப்போச்சு' என்ற சொல்தான். "மருந்து அடிச்சு அடிச்சு, புழுவுக்குப் பழகிப்போச்சுங்க டீச்சர்" என்பார்கள். எந்தப் புழுவும் பழகவில்லை கண்ணு. மருந்து அடிப்பதற்கு முன்பே ஆயிரத்தில் ஒன்றிரண்டுக்குத் தாங்கும் ஜீன் தற்செயலாக இருந்திருக்கும். மற்றவை செத்தன, அவை பிழைத்து முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் அந்த ஜீன் உள்ளவை கூடின. ஒவ்வொரு தெளிப்பும் இதையே திரும்பச் செய்தது. பழகியிருந்தால், செத்த புழுக்களும் பழகியிருக்க வேண்டுமே? விடை எழுதும்போது 'புழு மாறியது' என்று வந்த இடத்தை அடித்துவிட்டு, 'புழுக்கூட்டத்தில் தாங்குபவற்றின் பங்கு தலைமுறைதோறும் கூடியது' என்று எழுதுங்கள்.