கச்சேரியைப் பதிவு செய்யப் போகிறீர்களா? முதலில் மைக்குக்கு மின்சாரம்

ரெக்கார்டர் வாங்கியாச்சு, ஒரு ஜோடி மைக்கும் வாங்கியாச்சு. ஆசையாகக் கச்சேரிக்குப் போய் இரண்டு மணி நேரம் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை, அல்லது டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்து கிடக்கிறது. உடனே மைக் சரியில்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட பல பதிவுகளில் மைக் நன்றாகத்தான் இருந்தது, அதற்கு வேண்டிய மின்சாரம்தான் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அதனால் எந்தக் கேபிளைச் செருகுவதற்கு முன்னும், இந்த மைக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: மைக் எந்த வகை?

பாடகர்கள் கையில் பிடித்துப் பாடும் மைக் பெரும்பாலும் டைனமிக் வகை. அதற்கு மின்சாரமே வேண்டாம். கன்டென்சர் மைக்குக்குக் கட்டாயம் வேண்டும், அதிலும் இரண்டு விதம் உண்டு. மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக்கோடு வருபவை பெரும்பாலும் 48 வோல்ட் கேட்கும். சட்டையில் குத்துகிற அளவு சின்னதாக, 3.5 மி.மீ. பிளக்கோடு வரும் எலெக்ட்ரெட் மைக்குக்குச் சில வோல்ட் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தலைவலிக்கும் தொடக்கம்.

படி 2: 48 வோல்ட் பாண்டம் பவர்

எக்ஸ்எல்ஆர் கேபிளில் 1ஆம் ஊசி தரை (கிரவுண்ட்), 2ம் 3ம் ஒலியைக் கொண்டுவருபவை. ரெக்கார்டர் இந்த 2, 3 இரண்டிலும் ஒரே அளவு 48 வோல்ட்டை ஏற்றி அனுப்புகிறது, இதற்குத்தான் பாண்டம் பவர் என்று பெயர். இரண்டிலும் சமமாக இருப்பதால் ஊசிகளுக்கு இடையே வித்தியாசம் இல்லை, ஒலியிலும் அது கலப்பதில்லை. ஒழுங்கான கேபிளில் டைனமிக் மைக்கை மாட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதும் இதனால்தான். ஏன் சரியாக 48? 1966இல் நாய்மன் என்ற ஜெர்மன் மைக் நிறுவனம் நார்வே வானொலிக்காகப் புது மைக் செய்தபோது, அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்தான் இன்றுவரை நம் ரெக்கார்டர் மெனுவில் நிற்கிறது.

சூம் எச்6 போன்ற ரெக்கார்டர்களில் 12, 24, 48 என்று மூன்று அளவும் தேர்ந்தெடுக்கலாம். பேட்டரி மிச்சமாகும் என்று 24ஐ வைக்கத் தோன்றும். உங்கள் மைக்கின் கையேட்டில் 24 போதும் என்று எழுதியிருந்தால் மட்டும் வையுங்கள். குறைந்த வோல்ட்டில் மைக் வேலை செய்வதுபோலத்தான் இருக்கும், சத்தம் ஏறும்போதுதான் உடையும். வீட்டில் மெதுவாகப் பேசிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. அரங்கத்தின் ஒலி மிக்ஸரிலிருந்து ஒரு இணைப்பு கொடுத்தால் அதை லைன் அளவில் (மைக்கிலிருந்து வருவதைவிட வலுவான சிக்னல்) வாங்குங்கள், அந்தச் சேனலில் பாண்டம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ரெக்கார்டர்களில் ஒரு சேனலுக்குப் போட்டால் எல்லாச் சேனலுக்கும் போய்விடும்.

படி 3: சின்ன மைக்கும் 9 வோல்ட் பெட்டியும்

3.5 மி.மீ. மைக் துளையில் பல ரெக்கார்டர்கள் 2 முதல் 5 வோல்ட் வரை கொடுக்கும், பிளக்-இன் பவர் என்று மெனுவில் இருக்கும், அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். லைன் துளையில் இந்த மின்சாரம் வராது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு கேபிளை அந்தத் துளையில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே தொட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அமைதியான கச்சேரிக்கு இது போதும். பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் போதாது. எலெக்ட்ரெட் மைக்குக்குள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதற்கு 3 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் சிக்னல் அந்த எல்லைக்குள்தான் ஆட முடியும், அதற்கு மேல் போனால் தலை வெட்டப்பட்டுவிடும். ரெக்கார்டரில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, எவ்வளவு குறைத்தாலும் அது திரும்பி வராது, ஏனென்றால் சேதம் மைக்குக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. இதற்கு மருந்து 9 வோல்ட் பேட்டரி போட்ட ஒரு சின்னப் பெட்டி. மைக்கைப் பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து ரெக்கார்டரின் லைன் துளைக்குக் கொண்டுபோங்கள். மைக் துளைக்குப் போனால் உள்ளே இருக்கும் பெருக்கி வேறு திணறும். இந்த மைக்குகள் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஒரு பேட்டரி பல கச்சேரிகளுக்கு வரும்.

படி 4: கேபிளில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

சின்ன எலெக்ட்ரெட் மைக்கை வெறும் மாற்று பிளக் போட்டு எக்ஸ்எல்ஆர் துளையில் செருகி, 48 வோல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குட்டி டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் அடாப்டர் வேண்டும். ரோடு நிறுவனத்தின் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ் அந்த வேலையைச் செய்கிறது.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது, நானே ஒரு முறை அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தது. ஸ்டீரியோ மைக்கின் பிளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது. அதை அப்படியே 6.35 மி.மீ. பிளக்காக மாற்றி, ரெக்கார்டரில் ஒரே ஒரு பேலன்ஸ்டு துளைக்குள் (இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலியாக எடுப்பது) விட்டால், அந்தத் துளை இடதிலிருந்து வலதைக் கழித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பொதுவாக வந்த ஒலி, அதாவது நடுவில் நின்று பாடுபவரின் குரல், பெரும்பாலும் மறைந்துபோகும். மீட்டர் ஆடும், சத்தமும் வரும், குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். இரண்டாகப் பிரியும் கேபிள் போட்டு இரண்டு துளைகளில் செருகுங்கள்.

படி 5: ரெக்கார்டரின் பேட்டரி

பாண்டம் பவர் பேட்டரியை வேகமாகத் தின்னும். பெட்டியில் எழுதியிருக்கும் மணி நேரக் கணக்கை நம்பாதீர்கள், மைக்குகளை மாட்டி, 48ஐப் போட்டு, வீட்டில் ஒரு முறை முழுவதும் ஓடவிட்டு மணி பாருங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5, அதனால் மெனுவில் சரியான வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மீதி அளவு தப்பாகக் காட்டும். பவர் பேங்க் வைத்தால் நிம்மதி. ஆனால் சில பவர் பேங்குகள் குறைவான மின்சாரம் இழுக்கும் கருவியை 'சார்ஜ் ஆகிவிட்டது' என்று நினைத்து அணைந்துவிடும், அதையும் முன்கூட்டியே சோதியுங்கள். எஸ்டி கார்டுக்குக் கணக்கு எளிது: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் மணிக்குச் சுமார் 1 ஜிபி.

படி 6: அரங்கத்தில்

அனுமதி வாங்கியாச்சு, ஸ்டாண்டும் நிறுத்தியாச்சு. இப்போது கெயினை முழுவதும் குறைத்துவிட்டு எல்லாக் கேபிளையும் செருகுங்கள். எக்ஸ்எல்ஆர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும், அந்தச் சத்தம் வரவில்லை என்றால் பாதி வழியில்தான் நிற்கிறது. அப்புறம் பாண்டமைப் போட்டுச் சில நொடி பொறுங்கள். ஹெட்ஃபோனை மாட்டி, ஒவ்வொரு மைக்கின் பக்கத்திலும் விரலைச் சொடுக்கி, இடது இடதில்தான் வருகிறதா என்று கேளுங்கள். தானியங்கிக் கெயினை அணைத்துவிடுங்கள், அது மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒன்றாக்கி இசையின் உயிரை எடுத்துவிடும். மீட்டரில் 0 டிபிதான் உச்ச எல்லை, உரத்த இடத்தில் அது மைனஸ் 12 டிபி பக்கம் தொடுமாறு வையுங்கள். ஒலிச் சோதனையில் அடக்கி வாசிப்பவர்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஏற்றி வாசிப்பார்கள், அதற்கு இடம் வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் முதலில் பதிவை நிறுத்துங்கள், கோப்பு எழுதி முடியட்டும். பாண்டமை அணைத்து அரை நிமிடம் விட்டு, அதன் பிறகு கேபிளை உருவுங்கள்.