பெங்களூரு வீட்டுத் தோட்டம்: பூஞ்செடி, புதர்ச்செடி, புல் வகைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் நேராக நர்சரிக்குப் போய், பூத்துக் குலுங்கும் செடியாகப் பார்த்து வாங்கி வந்து, அதன் பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் இடம், அப்புறம் புதர்ச்செடி, அடுத்து ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கும் பல்லாண்டுப் பூஞ்செடிகள், கடைசியாகப் புல். 30×40 அடி சைட்டில் வீடு கட்டியது போக மிஞ்சுகிற நாலடி அகல மண்ணுக்கும் இதுதான் முறை. இடம் சின்னதாக இருந்தால் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

1. வெயிலை அளந்து பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். லீவு நாள் ஒன்றில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை, மணிக்கொருமுறை நிழலின் ஓரத்தில் கோலமாவால் ஒரு கோடு போடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் படும் இடம் முழு வெயில். மூன்று முதல் ஐந்து மணி நேரம் பட்டால் அரைநிழல். அதற்கும் குறைந்தால் நிழல்.

ஒரு நாள் பார்த்தது போதாது. பெங்களூரு ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்திருப்பதால், வீட்டின் வடக்குப் பக்கமும் வெயிலில் குளிக்கும். டிசம்பரில் தெற்கே இறங்கிவிடும். அப்போது 20 அடி உயர மாடி வீட்டின் நடுப்பகல் நிழல் வடக்கே சுமார் 15 அடி நீளும். மே மாதம் பார்த்து "இங்கே நல்ல வெயில்" என்று முடிவு செய்த வடக்குப் பாத்தி, டிசம்பரில் நாள் முழுக்க நிழலில் கிடக்கலாம். டிசம்பர் வரை காத்திருக்க முடியாதவர்கள் கட்டடத்தின் உயரத்தில் முக்கால் பங்கை வடக்கு நோக்கி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தெற்கே பக்கத்து வீடு இருந்தால் அதன் நிழலுக்கும் இதே கணக்குதான்.

2. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

பெங்களூரின் செம்மண் நல்ல மண். ஆனால் கட்டுமான வேலை முடிந்த வீடுகளில் மேலே தெரிவது மட்டும்தான் செம்மண்ணாக இருக்கும், அடியில் சிமெண்ட் துண்டும் செங்கல் உடைசலும் கிடக்கும். ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி அவற்றை அப்புறப்படுத்துங்கள். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணுக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) ஏற்றிவிடும். பிறகு குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் பாத்தியை அரையடி உயர்த்திப் போட வேண்டும். இல்லாவிட்டால் செப்டம்பர் மழையில் வேர் அழுகும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழுவுரமும், குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போதும்.

3. முதலில் புதர்ச்செடி

தோட்டத்துக்கு உருவம் தருவது இதுதான். தேர்ந்தெடுக்கும்போது பூவின் நிறத்தை விட, வளர்ந்து முடிந்தபின் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்பதைப் பாருங்கள். செம்பருத்தி ஐந்தாறு அடி விரியும். அதை இரண்டடி பாத்தியில் வைத்தால் வருஷம் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புது நுனிகளில்தான் அது பூக்கிறது என்பதால், வெட்ட வெட்ட மொட்டும் போய்விடும். இடம் இருந்தால் முழு வெயிலில் ஒரு நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி வையுங்கள். கலப்பின ரகங்களின் பூ பெரிதுதான், ஆனாலும் முதல் செடிக்கு நாட்டு ரகமே என் தேர்வு. மாவுப்பூச்சி வந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

அரைநிழலுக்கு நந்தியாவட்டை. அடுக்குப் பூ ரகம் மூன்று மணி நேர வெயிலிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இட்லிப்பூவில் சின்ன இலைக் குட்டை ரகம் இரண்டு மூன்றடிக்குள் அடங்கும் என்பதால் நடைபாதை ஓரத்துக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்குப் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்தால், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். கடின நீரால் மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் போவதன் அறிகுறி அது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ இருந்தால் மட்டும் இட்லிப்பூவை வாங்குங்கள். இல்லாதவர்கள் அதே இடத்தில் வெளிர்நீலப் பிளம்பாகோவை வைக்கலாம். அதற்கு நாலடி இடம் விட வேண்டும்.

காகிதப்பூவுக்குச் சுட்டெரிக்கும் வெயிலும் கொஞ்சம் காய்ந்த மண்ணும் பிடிக்கும். முள் இருப்பதால் கேட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும், மாடு எட்டிக் கடிக்கும் காம்பவுண்டு ஓரத்திலும் அதை நடவே கூடாது.

4. அடுத்து பல்லாண்டுப் பூஞ்செடிகள்

குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் வரும் டியூலிப், பியோனி படங்களை மறந்துவிடுங்கள். அவற்றுக்கு நீண்ட கடுங்குளிர் வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் நம் ஊர்க் குளிர் அதற்குப் போதாது. நம் செடிகளுக்குக் கஷ்டகாலம் மார்ச், ஏப்ரல் வறட்சிதான்.

பூக்கும் மாதங்களை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கோடை மழை பெய்த சில நாளில் மழை லில்லி தரையோடு இளஞ்சிவப்பாக எழும்பும். மழைக்காலத்துக்குக் கல்வாழை. ஒரு தண்டு பூத்து முடிந்ததும் அதை அடியோடு வெட்டினால் பக்கத்துக் கன்று மேலே வரும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை டிசம்பர் பூ. அரைநிழலில் கனகாம்பரம் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும். தலையில் வைக்கப் பூ வேண்டும் என்கிறவர்கள் கடைசி இரண்டிலும் மும்மூன்று செடி வையுங்கள். ஒரு செடி ஒரு சரத்துக்குக் காணாது.

செவ்வந்தி நடுவதாக இருந்தால் ராத்திரி ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். கேட்டுக்கு வெளியே தெருவிளக்கு விடிய விடிய எரிந்து அதன் மேல் வெளிச்சம் பட்டால், செடிக்கு நீண்ட இரவே கிடைக்காது. உரம் எவ்வளவு போட்டாலும் இலையாகத்தான் தழைக்கும். விளக்கு படாத மூலைக்கு மாற்றுவதுதான் வழி.

5. கடைசியில் புல்

புல்தரையைச் சொல்லவில்லை, குத்தாக வளரும் புல்லைச் சொல்கிறேன். இரண்டு புதர்களுக்கு நடுவே ஒரு குத்து நின்று காற்றில் அசையும்போது, சின்னத் தோட்டத்துக்கும் உயிர் வந்துவிடும். முழு வெயில் இருந்தால் வெட்டிவேர் நல்ல தேர்வு. கண்டபடி பரவாது, ஆழமாக வேர்விட்டுச் சரிவான மண்ணையும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைப்புல் மூன்று நாலடி உயரம் வரும், டீக்கும் ஆகும். இலையின் ஓரம் கையைக் கீறும் என்பதால் நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். ஃபவுண்டன் கிராஸ் கேட்டால் ஊதா இலை ரகமாகக் கேளுங்கள். பச்சை ரகம் விதை பரப்பிக் களையாகிவிடும். நிழலான ஓரத்துக்கு மொண்டோ கிராஸ். தாவரவியல்படி அது புல்லே இல்லை, ஆனால் புல் செய்யும் வேலையைச் செய்கிறது.

6. இப்போது நர்சரிக்கு

லால்பாக் உள்ளேயும், பக்கத்துச் சித்தாபுராவிலும் நர்சரிகள் உண்டு. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியில் செடி வளர்ந்து நிற்கும் அழகைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டம் ஓய்ந்தபின் வாங்குங்கள். பூ நிறைந்த செடியை விட, அடியிலிருந்து நாலைந்து கிளை விட்ட குட்டைச் செடி மேல். இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மாவுப்பூச்சி. பிறகு பையைத் தூக்குங்கள். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கியிருந்தால், தூக்கும்போது பிய்ந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் செடி வாடும். அதை வாங்காதீர்கள்.

7. நடும் நேரம்

ஜூன் மழை பிடித்ததும் நடுவது உத்தமம். அது தவறினால் ஆகஸ்ட். மார்ச், ஏப்ரலில் வேண்டாம். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் சாயங்காலமாக நடுங்கள். பத்தடிக்கு நாலடி, முழு வெயில் பாத்தி என்றால் ஒரு ஓரத்தில் செம்பருத்தி, எதிர் ஓரத்தில் வெட்டிவேர், நடுவில் மூன்று டிசம்பர் பூ, முன்வரிசையில் மழை லில்லிக் கிழங்குகள். முதல் வருஷம் இடையிடையே வெறும் மண் தெரியும். அங்கே இன்னொரு புதரை நடாமல், காய்ந்த இலையை இரண்டங்குலம் பரப்பி வைத்தால் கோடையில் ஈரம் நிற்கும்.